முதுகுக்குப் பின்னால் நிற்கும் கேமரா

சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். கணினிக்கு முன்னால், சக்கரம் வைத்த நாற்காலியில் நவநீதன். வீடியோ கேம் செய்கிற அந்தச் சின்ன ஆபீசை நடத்துகிறவன், இருபத்தெட்டு வயது. அவனுக்கு இடப்பக்கம், ஜன்னலை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் ஸ்டூலில் சுசித்ரா. விளையாட்டுக்குள் கேமரா எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வது அவள் வேலை. நடுவில், அங்கிருந்த ஒரே மெத்தை நாற்காலியில் என் கணவரின் அண்ணன் முனியப்பன். கதவோரம் பெஞ்சில் நான். ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். அவர் திரையில் இருந்தார், எங்கள் நால்வருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு.

அறை பென்னாகரம் ரோட்டில், ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடி. விளையாட்டில் வருகிற நாயகன் பெயர் சென்றாயன். கல்குவாரியில் வெடி வைக்கிற ஆள். கூட்டாளியைக் கொன்றவர்களைத் தேடிக் கடப்பாரையோடு கிளம்புகிறான். உடம்பு கணினியில் வரைந்தது. குரல் என் கணவர் கருப்பண்ணனுடையது.

அவர் குரலைத் தருமபுரியில் கேட்காதவர்கள் குறைவு. விளம்பர ஆட்டோக்களுக்குப் பேசிப் பதிந்து கொடுப்பார். ஜவுளிக்கடை, பர்னிச்சர் கடை, ஆடித் தள்ளுபடி, தேர்தல் வந்தால் தேர்தல். ‘வாங்கம்மா, வாங்க தாயி’ என்று அவர் இழுக்கிற இழுப்புக்கு ரோட்டில் போகிறவர்கள் நின்று திரும்புவார்கள். சென்ற வருடம் ஆகஸ்டில், ஒரு காலை நேரம், கையில் டீ டம்ளர் இருக்கும்போதே நெஞ்சு வலித்து இறந்துபோனார். பழைய பதிவுகளை யாரும் மாற்றவில்லை. இந்தத் தீபாவளிக்கும் அவர் குரல் நாலு ரோடு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆட்டோ வரும். பேனாவை மூடிவைத்து, அது கடந்துபோகும்வரை காத்திருந்து, விட்ட வார்த்தையிலிருந்து எழுதுவேன்.

எங்களை அழைத்த காரணத்தை நவநீதன் சொன்னான். விளையாட்டை வெளியிடப் போவது ஒரு பெங்களூர் கம்பெனி. குரல் கொடுத்தவர் இப்போது இல்லாததால், மனைவி கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தின் அசல் தங்களுக்கு வந்து சேர வேண்டும் என்று அவர்களுடைய வக்கீல் கேட்டிருக்கிறார். கடிதத்தை அவர்களே அடித்து அனுப்பியிருந்தார்கள். கையெழுத்துக்கு மட்டும் ஒரு கோடு.

“பாத்துட்டே போடுங்கக்கா. அண்ணன் என்ன பண்ணி வச்சிருக்காருன்னு நீங்க பாக்கணும்” என்றான் நவநீதன். “நாப்பது பேருக்கு வெளையாடக் குடுத்தாங்க. முப்பத்தோரு பேருக்கு சென்றாயனப் புடிக்கல. இவ்ளோ மோசமான ஹீரோவ நாங்க பாத்ததே இல்லன்னு எழுதியிருக்காங்க.”

“புடிக்கலையா?” முனியப்பன் மாமா முன்னால் சாய்ந்தார். “அப்பறம் என்னாத்துக்குப்பா இத வெளிய வுடறாங்க?”

“அதாங்கண்ணா சேதி. அந்த முப்பத்தோரு பேர்ல ஒருத்தரும் பாதியில எந்திரிச்சுப் போகல. திட்டிக்கிட்டே கடைசி வரைக்கும் வெளையாடியிருக்காங்க.”

“ஹீரோ நல்லவனா இருந்துதான் ஆவணும்னு இல்லீங்க” என்றாள் சுசித்ரா. “கடப்பாரையும் வச்சிக்கிட்டு நல்லவனாவும் இருந்தா, அப்பறம் காப்புக் கட்டி கும்புடத்தான் செய்யணும்.”

மாமா சிரித்தார். தம்பியின் பெயர் திரையில் முதலில் வருமா கடைசியில் வருமா என்று கேட்டார். இரண்டிலும் வரும் என்றான் நவநீதன். மாமா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பார்த்தாயா என்பதுபோல.

சுசித்ரா கேமராவைப் பற்றிச் சொன்னாள். “மொதல்ல மேல இருந்து பாக்கற மாதிரி வச்சோம். கரண்டுக் கம்பத்துல உக்காந்து பாக்கற காக்கா மாதிரி. ஊரு நல்லாத் தெரியும், ஆளு எறும்பாட்டம் இருப்பான். அவன் மேல கோவமும் வராது, பாசமும் வராது. அப்பறம் மூலையில நெலையா நிக்கற கேமரா. பேங்குல இருக்குமே, அது மாதிரி. அதுவும் சரிப்படல. இப்ப பாருங்கக்கா, அவன் முதுகுக்குப் பின்னால. வலது தோளுக்குக் கொஞ்சம் மேல, நாலு எட்டு தள்ளி. அவன் எங்க போனாலும் இதுவும் பின்னாலயே போவும். வெளையாடறவங்க அவன் மூஞ்சியவிட முதுகத்தான் அதிகமாப் பாப்பாங்க.”

எனக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. மொரப்பூர் ரயிலடியில், தருமபுரி பஸ் ஸ்டாண்டில், தீர்த்தமலைப் படிகளில், பதினோரு வருடம் கணவருக்குப் பின்னால் நடந்து நான் பார்த்தது அதுதான். வலது தோள், சட்டைக் காலரின் பின்பக்கம், திரும்பாத தலை. நான் வேகமாக நடந்தாலும் மெதுவாக நடந்தாலும் அந்த நாலு எட்டு குறையாது. சென்றாயன் உடம்பு அவருடையதல்ல. ஆனாலும் அந்தத் தூரத்தில் ஒரு முதுகைப் பார்த்ததும் என் கால்கள் பெஞ்சுக்கு அடியில் ஒன்றையொன்று பின்னிக்கொண்டன.

“இப்பதான் முக்கியமான எடம்” என்று நவநீதன் கையிலிருந்த கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தான். “நாம எந்தப் பட்டனும் அமுக்காம சும்மா வுட்டோம்னா, அரை நிமிசத்துல அவனே திரும்பி நம்மளப் பாத்துப் பேசுவான். அதுலதான் எல்லாருக்கும் சுர்ருன்னு ஏறுது.”

நாங்கள் காத்திருந்தோம். திரையில் காற்று அடித்தது. குவாரித் தூசு பறந்தது. சென்றாயன் கழுத்தைத் திருப்பினான்.

“வந்துட்டயா? வந்து என்னா பண்ணப் போற?”

மாமா தொடையில் தட்டினார். “டேய் கருப்பா! என்னமா பேசியிருக்கான் பாரு!”

மறுபடி அரை நிமிடம். “மூஞ்சியப் பாரு. இத வச்சிக்கிட்டு நான் எங்க போறது?” மறுபடி. “ஒருக்கா சொன்னா மண்டையில ஏறாதா?” மறுபடி. “நில்லு அங்கயே. கிட்ட வராத.” இந்தக் கடைசி வரிக்குப் பின்னால் இரும்பு தரையில் படுகிற ஒலி, ணங்கென்று. திரையில் அவன் கடப்பாரையை ஊன்றினான்.

அது கடப்பாரை இல்லை. என் தூக்குச்சட்டி.

எனக்கு அந்த நாள் தெளிவாகத் தெரியும். 18.04.2024. முந்தின நாள் மாலையோடு தேர்தல் பிரசாரம் முடிந்திருந்தது. பதினைந்து நாள் கத்தியதில் அவர் தொண்டை கட்டியிருந்தது. முரட்டு ஆளுக்கு அதுதான் பொருத்தம் என்று நவநீதன் அன்றைக்கே பதியக் கூப்பிட்டான். இடம், இண்டூருக்குப் பக்கத்தில் ஒரு பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை. ஒரு தடவை புழு வளர்த்துக் கூடு எடுத்த பிறகு, கழுவிச் சுண்ணாம்பு அடித்துச் சில நாள் காலியாகப் போட்டிருப்பார்கள். அந்த நாட்களில் அதைவிட அமைதியான இடம் கிடையாது. பகல் ஒன்றேகால் மணிக்குச் சோறு கொண்டுபோனேன். நவநீதன் இல்லை. பேட்டரி வாங்கப் போயிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. உள்ளே அவர் மட்டும், எனக்கு முதுகைக் காட்டி, மைக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இப்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நவநீதா” என்று கூப்பிட்டேன். என் குரல் எப்போதும்போல் இருந்தது. “இந்த வரியெல்லாம் எழுதிக் குடுத்ததா?”

“அதான் ஆச்சரியம்க்கா. ஸ்கிரிப்டுல இல்ல. அண்ணனுக்கு ஒரு பழக்கம், மைக்க நிறுத்த வுட மாட்டாரு. ஓடட்டும் தம்பி, அப்பறம் வெட்டிக்கலாம்பாரு. விளம்பரத்துக்கு அப்டித்தான் பேசுவாராம். நானும் ஓட வுட்டுட்டு வெளிய போயிட்டேன். அவரு போனதுக்கு அப்பறம்தான் உக்காந்து வெட்டினேன். நம்பர் போட்டு அடுக்குனா, ஸ்கிரிப்டுல இல்லாத ஏழு ஃபைல் மிச்சம். நாப்பத்தொண்ணுல இருந்து நாப்பத்தேழு. நான் இல்லாத நேரத்துல தனியா ஒக்காந்து சொந்தமாப் பேசிப் பாத்திருக்காரு. என்னா மனுசன்! அத எங்க வெக்கிறதுன்னு தெரியாம, அவன் சும்மா நிக்கற எடத்துல வெச்சேன். இப்ப சென்றாயன்னாலே அந்த ஏழுதான்.”

“நாப்பத்தெட்டு என்னா?”

“அதுவா, நான் திரும்பி வந்தது. கேமுக்கு ஆவாது.”

போடச் சொன்னேன். போட்டான். முதலில், “போ. திரும்பிப் பாக்காம போ” என்ற நாற்பத்தேழாவது. பிறகு செருப்புச் சத்தம் தேய்ந்து போகிறது. பிறகு மோட்டார் சைக்கிள். பிறகு அதே தொண்டையிலிருந்து தேன் வழிகிற ஒரு குரல்: “வாங்க தம்பி! இந்த வெயில்ல அலைய வச்சிட்டனே உங்கள. வாங்க, சோறு வந்திருக்கு, ஒரு வாய் சாப்புடுங்க.”

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ சுசித்ரா சொன்னாள்: “எங்க ஆபீஸ்ல எல்லாரும் இப்ப இதத்தாங்க்கா பேசறோம். டீ கொண்டாந்தா ‘வந்துட்டயா, வந்து என்னா பண்ணப் போற’. கணினி நின்னுட்டா ‘ஒருக்கா சொன்னா மண்டையில ஏறாதா’. பெங்களூர்ல வெளையாடுனவங்ககூட தமிழ் தெரியாமலே சொல்லிப் பாக்கறாங்களாம். வெளிய வந்துச்சுன்னா பாருங்க, ஊரே சொல்லும்.”

அவளுடைய குரலில் அது சின்னப் பிள்ளை விளையாட்டாகத்தான் இருந்தது.

“பெங்களூர்காரங்க ஒண்ணு கேக்கறாங்க” என்று நவநீதன் சொன்னான். “ஹீரோவக் கொஞ்சம் தாங்கிக்கற மாதிரி ஆக்கணுமாம். கேமராவ அவன் கண்ணுக்குள்ளயே வெச்சிருங்கங்கறாங்க. அப்ப அவன் முதுகு, மூஞ்சி எதுவும் தெரியாது. நம்ம கையில கடப்பாரை இருக்கும், அவ்ளோதான். நாமதான் அவன். தன்னையே யாரும் வெறுக்க மாட்டாங்கல்ல?”

“எனக்குக் காட்டு” என்றேன்.

சுசித்ரா இரண்டு பட்டன்களைத் தட்டினாள். முதுகு மறைந்தது. கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தாள். எதிரில் குவாரிப் பாறை. கீழே இரண்டு கைகள், நரம்பு புடைத்தவை. நான் விரலை அசைத்தால் நடந்தது. திரும்பினால் திரும்பியது. பின்னால் பார்த்தேன். பின்னால் யாருமில்லை, வெறும் தூசு. இத்தனை வருடம் நான் நின்ற இடம் அது. அவர் முன்னாலிருந்து அதைப் பார்த்தபோதெல்லாம் இப்படித்தான் காலியாகத் தெரிந்திருக்கும்போல என்று நினைத்தேன். விரல் நின்றுவிட்டது. அரை நிமிடம் போனது எனக்குத் தெரியவில்லை.

“ஒருக்கா சொன்னா மண்டையில ஏறாதா?”

எதிரில் பேசுகிற ஆளில்லை. குரல் என் தொண்டைக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது. போன திங்கட்கிழமை அது அங்கிருந்துதான் வந்தது. மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து சின்னம்மாள் என்று ஓர் அம்மாள், பட்டா நகலுக்குப் பதிலாக மறுபடியும் ரேஷன் கார்டு நகலையே எடுத்துவந்தார். குறைதீர்க் கூட்டத்துக்குப் போகிற வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் நிமிராமல் இதே வரியைச் சொன்னேன், எழுத்து பிசகாமல், இழுப்புக்கூட மாறாமல். அந்த அம்மாள் மஞ்சப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போய் நின்றார்.

கன்ட்ரோலரைப் பெஞ்சின்மேல் வைத்தேன்.

“கடிதத்த நானே எழுதி அனுப்பறேன். இதுல கையெழுத்துப் போடல” என்றேன். நவநீதன் முகம் சுருங்கியது. “ரெண்டு வருச உழைப்புக்கா” என்றான். திங்கட்கிழமை தபாலில் போய்விடும் என்று சொல்லி எழுந்தேன்.

மாமாவும் நானும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம். அவர் முன்னால் போனார். பூக்கடைப் பக்கம் வந்ததும் நின்றார்.

“என்னா காவேரி, அவன் பேரு உலகம் பூராப் போவுது, கையெழுத்துப் போட கசக்குதா?”

“மாமா, அந்த ஏழும் நடிப்பில்லைங்க. அன்னைக்கு நான்தான் சோறு கொண்டுட்டுப் போனேன். அவரு என்னைப் பாத்துச் சொன்னதுங்க.”

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் ரோட்டைப் பார்த்தார்.

“புருசன் பொண்டாட்டின்னா நாலு வார்த்த வரத்தான் செய்யும்.”

“வரட்டுங்க. அதக் கேட்டு ஆபீஸ்ல சிரிக்கறாங்க. ஊரே சொல்லப் போவுதுன்னு அந்தப் புள்ள சொல்லுது.”

“சொன்னா என்னா, ஒன்னச் சொன்னதுன்னு எவனுக்குத் தெரியும்? நீ வாய மூடிக்கிட்டா நடிப்பு. வாயத் தொறந்தாத்தான் சந்தி சிரிக்கும்.”

“எனக்குத் தெரியுமேங்க.”

“சரி, வேணாம்னா வேணாம்னு எழுது. சத்தம் சரியில்லன்னு எழுது. தொண்ட கட்டியிருந்துச்சுன்னு எழுது. காரணமா கெடைக்கல?” குரலைத் தாழ்த்தினார். “காவேரி, செத்தவன் வந்து பதில் சொல்ல மாட்டான். அவன் பேருல மண்ண வாரிப் போட்டுட்டு எங்க வூட்டுப் பக்கம் வராத. சொல்லிட்டேன்.”

அவர் அரூர் பஸ் ஏறிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. சந்தைப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு விளம்பர ஆட்டோ வந்தது. வாங்கம்மா, வாங்க தாயி. மூடிவைக்கக் கையில் பேனா இல்லாததால் அது போகிறவரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன், மற்றவர்களுக்குச் சொல்கிற முறையில், வழிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். சம்மதம் மொத்தமாகக் கொடுக்கலாம்: அவருக்குப் பாராட்டு, மாமாவுக்குப் பெருமை, எனக்கு நான் கேட்ட வார்த்தைகளே தெருத்தெருவாக. மொத்தமாக மறுக்கலாம்: ஆனால் மற்ற நூற்றிச் சொச்சம் வரிகள் அவர் உண்மையாகவே உழைத்துப் பேசியவை. கூட்டாளியின் பிணத்தைத் தூக்கிக்கொண்டு சென்றாயன் பேசுகிற இடத்தையும் சனிக்கிழமை பார்த்திருந்தேன். நன்றாகச் செய்திருந்தார். அந்த வேலையை அழிக்க எனக்கு மனமில்லை, உரிமை இருந்தாலும். மூன்றாவது, மாமா சொன்னது. சத்தம் சரியில்லை என்று எழுதினால், நவநீதன் ஒரு நாள் உட்கார்ந்து சத்தத்தைச் சரிசெய்துவிடுவான். அந்த ஏழில்தான் அவன் நாயகனின் உயிர் இருக்கிறது. வேறு காரணம் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடிப்பான். உள்ளதைச் சொன்னால் மட்டும்தான் அவனால் அதைத் தொட முடியாது.

கணவன்மேல் பெண்கள் கொண்டுவருகிற மனுக்களை வாரத்துக்கு நாலாவது எழுதுகிறேன். அவர்கள் அழுதுகொண்டே தாறுமாறாகச் சொல்வதை நான் தேதி, நேரம், இடம், உடன் இருந்தோர் என்று பிரித்து எழுதுவேன். என்ன சொன்னார், அப்படியே சொல்லுங்க, அந்த வார்த்தையே வேணும் என்று கேட்பேன். அவர்கள் கூச்சப்படுவார்கள். அன்றைக்கு என் தாளில் அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். கதவைச் சாத்தினேன். மறுபடி திறந்தேன். அறையில் என் முதுகுக்குப் பின்னால் நாலு எட்டில் யாரோ நிற்கிறார்கள் என்று தோன்றியது. திரும்பவில்லை. முதல் வார்த்தையை எழுதியதும் அந்த எண்ணம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். ஏழாவது வரைக்கும் அது அங்கேயேதான் நின்றது. ஏழையும் எழுதினேன்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமைந்தது:

‘மேற்படி விளையாட்டில் என் கணவர் திரு. கருப்பண்ணன் எழுதிக் கொடுத்த வசனங்களைப் பேசிய எல்லாப் பதிவுகளையும் பயன்படுத்திக்கொள்ள எனக்கு முழுச் சம்மதம். அவர் பெயரைத் திரையில் போட வேண்டும்.

41 முதல் 47 வரையிலான ஏழு பதிவுகளுக்குச் சம்மதம் இல்லை. அவை வசனம் அல்ல; நடிப்பும் அல்ல. 18.04.2024 அன்று பகல் ஒன்றேகால் மணி அளவில், பதிவு நடந்த கொட்டகைக்குச் சோறு கொண்டுபோன என்னைப் பார்த்து அவர் சொன்னவை. உடன் இருந்தோர் எவருமில்லை. அந்த ஏழு வாக்கியங்களையும் கீழே எழுதியுள்ளேன். கடப்பாரை ஊன்றும் ஒலியாக வைத்திருப்பது நான் கீழே வைத்த பாத்திரத்தின் ஒலி. அதையும் எடுத்துவிட வேண்டும்.

கேமராவை நாயகனின் கண்ணுக்குள் வைக்கப் போவதாக அறிந்தேன். வைத்தால் இவ்வார்த்தைகளை விளையாடுகிறவர்களே சொல்வதுபோல் இருக்கும். அப்படி ஆகிவிடும் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். ஆகவே வேறொருவர் குரலில் இதே வார்த்தைகளை மறுபடி பதிவதற்கும் நான் சம்மதிக்கவில்லை.’

கையெழுத்துப் போட்டேன். நகல் ஒன்று நவநீதனுக்கு. இன்னொன்று முனியப்பன் மாமாவுக்கு, அரூர் விலாசத்துக்கு. என்ன எழுதினேன் என்று அவர் இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை தலைமைத் தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர். கவுண்டரில் இருந்த மணிமேகலையை எனக்குத் தெரியும். நான் எழுதிக் கொடுத்த மனுக்கள் பல அவர் கையால் போயிருக்கின்றன.

“இன்னைக்கு யாருதுங்க்கா?” என்றார்.

“என்னுதுதான்.”

உறை ஒட்டவில்லை. மேசையிலிருந்த கோந்துப் பாட்டிலில் குச்சியை முக்கி, மடிப்பு நெடுகத் தடவி, உள்ளங்கையால் ஓரத்திலிருந்து ஓரம் வரை இருமுறை அழுத்தினேன். மணிமேகலை தராசில் வைத்தார். ஸ்பீடு போஸ்ட், ஒப்புகைச் சீட்டோடு, பெங்களூர். முத்திரை குத்தினார். மற்ற இரண்டு உறைகளையும் வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகத் தனக்குப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டார்.